போத்தலில் எழுதிய வருடம்
(மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தாலி நாட்டின் பரோலோ என்னும் சிவப்பு வைனைப் பற்றியும், ஒவ்வொரு வருடத்தின் மழையும் வெயிலும் அந்த வைனை எப்படி உருவாக்குகின்றன என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். மது அருந்துங்கள் என்று எவரையும் தூண்டுவது என் நோக்கமல்ல. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். இது அடிப்படையில் ஒரு கமக்காரனின் கதை. வானத்தைப் பார்த்து வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இது எளிதாகவே விளங்கும்.

நம்மவர்களில் பலர் உணவகங்களிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். இன்னும் பலர், நத்தாருக்கு மேலதிகாரிக்கோ அயலவருக்கோ ஒரு நல்ல வைன் போத்தல் கொடுக்கலாமென்று கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு குழப்பம் வருகிறது. ஒரே பெயர், ஒரே தயாரிப்பாளர், ஒரே தோட்டம். ஆனால் ஒரு போத்தலில் ஒரு வருடம், பக்கத்துப் போத்தலில் வேறொரு வருடம். விலையிலோ பெரிய வித்தியாசம். பழையது என்றால் நல்லதுதானே என்று எண்ணி, வருடம் முந்தியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அது சரியா என்பதற்குத்தான் இன்றைய உரையில் விடை தேடப் போகிறோம்.

முதலில் அந்த வருடம் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். அது திராட்சை பறிக்கப்பட்ட வருடம். போத்தலில் அடைத்த வருடமோ, கடைக்கு வந்த வருடமோ அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஒரு வருடத்தைப் போத்தலில் எழுதுவதானால் உள்ளே இருப்பதில் குறைந்தது 85 சதவீதம் அந்த வருடத்துத் திராட்சையிலிருந்து வந்திருக்க வேண்டும். பரோலோவைப் பொறுத்தவரை இன்னொரு விதியும் உண்டு. பறித்த வருடத்தின் நவம்பர் முதலாம் திகதியிலிருந்து 38 மாதங்கள் அது முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். ஆகவே 2020 ஆம் ஆண்டு பறித்த திராட்சையின் பரோலோ 2024 தொடங்கும் முன்னர் விற்பனைக்கு வர முடியாது. றிசேர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதங்கள். அதாவது, கமக்காரன் தன் உழைப்பின் பணத்தைக் காண நான்கு, ஐந்து வருடங்கள் பொறுத்திருக்கிறான்.

இனி ஊரைப் பார்ப்போம். இத்தாலியின் வடமேற்கில் பியமொந்தே என்றொரு பிராந்தியம் இருக்கிறது. தூரின் நகரம் அதன் தலைநகர். அங்கிருந்து தெற்கே போனால் ஆல்பா என்ற சிறு நகரம் வரும். அதைச் சுற்றி அலை அலையாகக் கிடக்கும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். இந்தக் குன்றுகளில் 11 ஊர்களுக்கு மட்டுமே பரோலோ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை இருக்கிறது. பரோலோ, லா மொர்ரா, செர்ரலூங்கா, மொன்ஃபோர்த்தே, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எல்லாமாகச் சேர்த்துத் தோட்டங்களின் பரப்பு 2,000 ஹெக்டேயருக்குச் சற்று மேல்தான். 2014 இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளின் திராட்சைத் தோட்ட நிலப்பரப்பை உலக மரபுரிமையாக அறிவித்தது.

பரோலோ செய்ய ஒரேயொரு திராட்சை இனத்துக்குத்தான் அனுமதி. அதன் பெயர் நெபியோலோ. இத்தாலிய மொழியில் நெபியா என்றால் மூடுபனி. பழம் முற்றும் இலையுதிர் காலத்தில் குன்றுகளை மூடிக்கிடக்கும் பனிப்புகாரிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று பலரும் சொல்வார்கள். இந்த நெபியோலோவின் குணத்தை நாம் விளங்கிக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும். வசந்தத்தில் மற்ற இனங்களுக்கு முன்னதாகவே இது துளிர்த்துவிடும். ஆனால் பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். பக்கத்துத் தோட்டத்தில் டொல்செத்தோ, பார்பேரா என்னும் மற்ற இனங்களைப் பறித்து முடித்த பின்னும் நெபியோலோ கொடியிலே தொங்கிக்கொண்டிருக்கும். முந்தித் துளிர்த்துப் பிந்திப் பழுப்பதால், கெடுதல் நேரக்கூடிய நாட்கள் இதற்கு அதிகம்.

நமது யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலில், கத்தரித்து விட்டால் வருடத்தில் ஒரு தடவைக்கு மேலும் காய் பிடிக்கும். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான். ஒரு போகம் கெட்டாலும் அடுத்த போகம் இருக்கிறது. பியமொந்தேயில் கொடி குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது. வருடத்துக்கு ஒரேயொரு அறுவடை. அது போனால் அந்த வருடமே போயிற்று. போத்தலில் வருடத்தை எழுதுவதற்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததன் அடிப்படை இதுதான்.

அந்த ஒரு வருடத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

குளிர்காலத்தில் பனி கொட்ட வேண்டும். பனி மெதுவாக உருகி மண்ணுக்குள் இறங்கும். பெரும்பாலான தோட்டங்களில் நீர் பாய்ச்சுவதில்லை என்பதால், கோடையில் வேர் குடிப்பது இந்தச் சேமிப்பைத்தான். 2022 இல் பனியும் மழையும் பொய்த்து, வட இத்தாலியின் பெரிய ஆறான போ நதியே பல இடங்களில் மணல் திட்டாகக் கிடந்தது. கமக்காரர்களுக்கு அது பெரும் கவலை தந்த வருடம்.

ஏப்ரலில் துளிர் வரும். அப்போது ஓரிரவு உறைபனி விழுந்தாலே போதும், இளந்துளிர் கருகிவிடும். 2017 ஏப்ரலின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் இது நடந்தது. பியமொந்தேயும் தப்பவில்லை. குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே குன்றின் அடிவாரத்துக் கொடிகள்தான் முதலில் அடிபடும். நல்ல தோட்டங்கள் எல்லாம் சரிவின் நடுப்பகுதியில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வசந்தத்து மழை அளவோடு பெய்தால் நல்லது. அளவு மீறினால் பெரோனோஸ்போரா என்னும் பூஞ்சண நோய் வரும். இத்தாலியக் கமக்காரர்களிடம் இதற்கு "மூன்று பத்து" என்று ஒரு கணக்கு உண்டு. துளிர் 10 சென்ரிமீற்றர் வளர்ந்திருந்து, வெப்பநிலை 10 பாகைக்குக் குறையாமல் இருந்து, ஓரிரு நாளுக்குள் 10 மில்லிமீற்றர் மழையும் பெய்தால் நோய் தொடங்கிவிடும், மருந்தோடு தோட்டத்துக்குப் போ என்பதே அந்தக் கணக்கு. மருந்து என்பதும் நமக்குத் தெரிந்த ஒன்றுதான். செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த நீல நிறப் போர்டோக் கலவையை அவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தெளித்து வருகிறார்கள்.

யூன் மாத அளவில் பூக்கும். பூக்கும் நாட்களில் மழை பெய்தால் பூ உதிர்ந்து குலையில் காய் குறையும். அதனால் விளைச்சல் குறைந்தாலும் எஞ்சிய காய் நன்றாகத் திரளும் என்பதால், இது எப்போதும் கேடென்று சொல்ல முடியாது. ஒரு ஹெக்டேயரில் 8 தொன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பரோலோவின் சட்டம். விளைச்சல் அதிகமான வருடங்களில் பச்சைக் குலைகளில் ஒரு பகுதியை வெட்டி நிலத்தில் போட்டுவிடுவார்கள். முன்னொரு காலத்தில் ஊரிலுள்ள முதியவர்கள் இதைப் பெரும் பாவமாகவே பார்த்தார்களாம். பசியை அறிந்த தலைமுறைக்கு அப்படித்தானே தோன்றும்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் பச்சைக் காய் நிறம் மாறும். அதன் பிறகு பழத்துக்குள் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இந்த இடத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள், வருடத்துக்கு வருடம் வைன் மாறுவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஒன்று, சீனி ஏறுகிறது. இந்தச் சீனிதான் பின்னர் மதுசாரமாக மாறும். இரண்டு, புளிப்பு இறங்குகிறது. வெப்பம் கூடக் கூட அமிலம் வேகமாகக் கரையும். மூன்று, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு முதிர்கிறது. வாழைக்காயின் கயர்ப்பு பழத்தில் அடங்கிப் போவதைப் போல, இதுவும் மெல்ல மெல்லத்தான் மென்மையாகும். நெபியோலோவில் இந்தத் துவர்ப்பு மிக அதிகம்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து ஒரே நாளில் முடிவுக்கு வந்தால் அது பொன்னான வருடம். அப்படி வருவதற்குப் பகலில் வெயிலும் இரவில் குளிரும் வேண்டும். பகல் வெயில் சீனியை ஏற்றும். இரவுக் குளிர் புளிப்பையும் வாசனையையும் காக்கும். 2010 இலும் 2016 இலும் இதுதான் நடந்தது. பழம் அவசரப்படாமல் ஒக்டோபர் வரை நின்று பழுத்தது. இந்த இரண்டையும் அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த வருடங்களில் சேர்த்துப் பேசுகிறார்கள்.

வெயில் மிஞ்சிவிட்டால் மூன்றும் பிரிந்து ஓடும். 2003 ஆம் ஆண்டுக் கோடையை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஐரோப்பா முழுவதும் அனல் வீசி, ஆயிரக்கணக்கான முதியவர்கள் இறந்துபோன கோடை அது. அந்த வருடம் சீனி மளமளவென்று ஏறியது, புளிப்பு விழுந்தது, தோலின் துவர்ப்பு மட்டும் முதிராமல் பின்தங்கியது. கடும் வெப்பமும் வரட்சியும் சேர்ந்தால் கொடி தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிவிடும், பழுப்பது அப்படியே நின்றுவிடும். சீனி ஏறிவிட்டதால் பலர் செப்டெம்பரிலேயே பறிக்க வேண்டி வந்தது. அந்த வருடத்து வைன் பலவற்றில் பழம் வெந்தது போன்ற ஒரு சுவையும், நாக்கை வரட்டும் துவர்ப்பும் இருந்தன.

மழை மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கு அதற்கு முந்திய வருடமான 2002 சாட்சி. குளிர்ந்த, ஈரமான கோடை. செப்டெம்பர் தொடக்கத்தில் பரோலோ ஊரையும் அயலையும் ஆலங்கட்டி மழை தாக்கியது. சில நிமிடங்களில் ஒரு வருட உழைப்பு நிலத்தில் கிடந்தது. காயம்பட்ட பழம் அழுகத் தொடங்கும். மழைநீரை உறிஞ்சிய பழமோ ஊதிப்போய்ச் சுவை நீர்த்துவிடும்.

இந்த 2002 ஆம் ஆண்டில் நடந்த இரண்டு விடயங்களை நான் விசேடமாகச் சொல்ல வேண்டும்.

புரூனோ ஜியாகோசா அந்தப் பிரதேசத்தின் பெருமதிப்புக்குரிய வைன் தயாரிப்பாளர். 2018 இல் காலமானார். 2002 இன் பரோலோவைத் தன் பெயரில் போத்தலில் அடைப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். பெயரை எழுதியிருந்தால் விற்றிருக்கும், பணமும் வந்திருக்கும். ஆனாலும் அவர் செய்யவில்லை. பிற்பாடு 2006 ஆம் ஆண்டு விளைச்சலையும் அவர் அவ்வாறே விட்டுவிட்டார். மற்றவர்கள் நல்ல வருடமென்று பாராட்டிய வருடம் அது.

ஜியாக்கோமோ கொன்தெர்னோ என்பது இன்னொரு புகழ்பெற்ற குடும்ப நிறுவனம். அவர்கள் வழக்கமாகத் தங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பரோலோ வைன் செய்வார்கள். ஒன்று காஷினா ஃபிரான்சியா என்ற தோட்டத்தின் பெயரையே கொண்டது. மற்றது, மிகச் சிறந்த வருடங்களில் மட்டும் செய்யும் மொன்ஃபொர்த்தீனோ. 2002 இல் அவர்கள் முதலாவதைப் போத்தலில் அடைக்கவேயில்லை. தேறிய பழம் முழுவதையும் மொன்ஃபொர்த்தீனோவுக்கே கொடுத்தார்கள். ஊரே கைவிட்ட வருடத்தில் மிக உயர்ந்த வைனைச் செய்வதா என்று கேட்டவர்கள் பலர். நீண்ட காலம் பீப்பாயில் முதிர்ந்து அது வெளிவந்தபோது, அந்தப் பெயரில் வந்த சிறந்த வைன்களில் ஒன்றென்று சுவைத்தவர்கள் எழுதினார்கள்.

ஒருவர் கொட்டிய வருடத்தில் இன்னொருவர் பொன் எடுத்தார். இருவரும் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஆலங்கட்டி மழை எல்லாக் குன்றிலும் ஒரேயளவில் விழுவதில்லை. ஒரு சரிவில் விழும், அடுத்த சரிவில் விழாது. தன் தோட்டத்தில் எது விழுந்தது, எது தப்பியது, எது இன்னும் பத்து நாள் பொறுக்கும் என்பது அங்கே நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். 2014 ஐயும் மழை வருடம் என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் அதே வருடம், ஆல்பாவின் மறுபக்கத்தில் இருக்கும் பார்பரெஸ்கோ பகுதியில் பரோலோவை விட மழை குறைவு. நல்ல தயாரிப்பாளர்களின் 2014 பார்பரெஸ்கோ அதற்கேற்ப நன்றாகவே அமைந்தது.

இதனால்தான், வருடங்களுக்குப் புள்ளி போட்டு வெளிவரும் அட்டவணைகளைச் சற்று எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்கிறேன். 2000 ஆம் ஆண்டுப் பியமொந்தே விளைச்சலுக்கு அமெரிக்காவின் பிரபல வைன் சஞ்சிகை ஒன்று நூற்றுக்கு நூறு புள்ளி கொடுத்தது. வெப்பமான வருடம், இளமையிலேயே இனிமையாகச் சுவைத்தது. விலையும் ஏறியது. அதற்கு நான்கு வருடங்கள் முந்திய 1996 இன் பரோலோவோ புளிப்பும் துவர்ப்பும் மிகுந்து, தொடக்கத்தில் வாயில் வைக்க முடியாதபடி இறுகிக் கிடந்தது. காலம் போகப் போக 1996 மெல்லத் திறந்துகொண்டது. பழைய பரோலோவை விரும்புகிறவர்கள் பலர் இன்று 2000 ஐ விட 1996 ஐயே தேடி வாங்குகிறார்கள். இளமையில் கொடுத்த புள்ளி முதுமைக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு பெரிய மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. முன்பெல்லாம் பத்து வருடத்தில் மூன்று நான்கு வருடம் நெபியோலோ நன்றாகப் பழுத்தால் பெரிய காரியம். 1970 களில் 1971 உம் 1978 உம் புகழ்பெற்றவை. 1972, 1977 போன்றவை படுதோல்வி. அந்தக் காலத்துக் கமக்காரனின் பயமெல்லாம் பழம் பழுக்காமல் போய்விடுமோ என்பதுதான். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் போதாது என்பதால், அங்கே பரோலோவுக்கு நெபியோலோ நடக் கூடாது என்று சட்டமே எழுதினார்கள். இப்போது பூமி சூடாகிறது. அறுவடை முந்துகிறது. ஒக்டோபர் நடுப்பகுதியில் பறித்தவர்கள் செப்டெம்பரிலேயே கத்தியோடு இறங்குகிறார்கள். முழுத்தோல்வி என்று சொல்லும் வருடங்கள் அரிதாகிவிட்டன, ஆனால் மதுசாரம் 14, 15 சதவீதம் வரை ஏறுகிறது. விலக்கி வைத்த வடக்குச் சரிவுகளிலும் நடலாமா என்ற விவாதம் அண்மைய வருடங்களில் எழுந்திருக்கிறது. நிழலைத் தருமென்று, முன்பு கிள்ளி எறிந்த இலைகளை இப்போது கொடியிலேயே விடுகிறார்கள். தகப்பன் வெயிலைத் தேடினான், மகன் நிழலைத் தேடுகிறான். வெப்பத்தால் பழம் நன்றாகப் பழுக்கிறதென்று இன்று மகிழ்கிறவர்கள், இன்னும் முப்பது வருடத்தில் இதே குன்றில் நெபியோலோ நிற்குமா என்றும் யோசிக்காமல் இருக்க முடியாது.

சரி, கடைக்குப் போகும் நேயருக்கு இதிலிருந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சில விடயங்களைச் சொல்கிறேன்.

பழைய வருடம் என்பதாலேயே ஒரு வைன் நல்லதாகிவிடாது. உலகத்தில் விற்கும் வைனில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் அருந்துவதற்காகச் செய்யப்படுவது. நீண்ட காலம் தாங்கும் சிலவற்றில் பரோலோ ஒன்று, அவ்வளவுதான். அதிலும் 2010, 2013, 2016 போன்ற நிதானமாகப் பழுத்த வருடங்கள் நீண்ட பொறுமையைக் கேட்கும். 2003, 2017 போன்ற வெப்பமான வருடங்களும், 2014, 2018 போன்ற ஈரமான வருடங்களும் முந்தியே அருந்தத் தகுந்தவை. வாங்கிய கிழமையே விருந்துக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால், பெரிய வருடத்துக்குப் பெரிய விலை கொடுப்பது வீண்.

அடுத்தது, சுமாரான வருடத்தில் கவனமான தயாரிப்பாளரின் போத்தல், பெரிய வருடத்தில் கவலையீனமான தயாரிப்பாளரின் போத்தலை விடப் பெரும்பாலும் மேலானது. விலையும் குறைவாக இருக்கும். ஆகவே முதலில் பெயரைப் பாருங்கள், பிறகு வருடத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, லாங்கே நெபியோலோ என்ற பெயரையும் கவனியுங்கள். பரோலோவுக்குப் போதாது என்று தயாரிப்பாளரே இறக்கிவிட்ட வைன் பல தடவை இந்தப் பெயரில்தான் வரும். கடினமான வருடங்களில் நல்ல தோட்டத்துப் பழம்கூட இதற்குள் போய்ச் சேரும். பரோலோவின் விலையில் ஒரு பகுதிக்கு அது கிடைக்கும்.

நேயர்களே, ஒரு வருடத்தை நல்ல வருடம், கெட்ட வருடம் என்று தூரத்திலிருந்து ஒரு சொல்லில் தீர்ப்பது எளிது. அந்த வருடம் முழுவதும் தோட்டத்தில் நின்றவனுக்கு அப்படி ஒரு சொல் போதாது. மழை எவ்வளவு பெய்யும் என்பது அவன் கையில் இல்லை. பெய்த பிறகு எதை வெட்டுவது, எதை விடுவது, எத்தனை நாள் காத்திருப்பது, தன் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதெல்லாம் அவன் கையில் இருக்கிறது. போத்தலில் நாம் பார்க்கும் நான்கு இலக்கங்களுக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அடுத்த தடவை கடையில் ஒரு போத்தலைக் கையிலெடுத்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த இலக்கங்களை ஒரு கணம் நின்று வாசியுங்கள்.